காதால் பார்த்த ராதிகா

ராதிகா சரத்குமாரைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரி ‘கிழக்கே போகும் ரயில்’ என்றுதான் தொடங்குகிறது. 1978, பாரதிராஜா, பாஞ்சாலி. பிறகு ரஜினி, கமல், சிரஞ்சீவி என்று உடன் நடித்தவர்களின் வரிசை. எல்லாம் முடிந்து கட்டுரையை மூடும் நேரத்தில், போகிற போக்கில், சின்னத்திரையிலும் முத்திரை பதித்தார் என்று ஒரு வரி. அந்த ஒற்றை வரி எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

என் கட்சி நேர்மாறானது. ராதிகாவின் தலையாய வேலை தொலைக்காட்சித் தொடர்கள்தான். அதற்கு முந்தைய இருபது ஆண்டுத் திரை வாழ்க்கை, எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அந்த வேலைக்கு அவரை ஆயத்தப்படுத்திய காலம். இன்னொன்றும் சொல்வேன். அந்த வேலையை அவர் முகத்தால் செய்ததைவிடக் குரலால் செய்ததே அதிகம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு ஒன்றின் சமையலறையிலிருந்து பல ஆண்டுகள் அந்தக் குரலைக் கேட்டவள் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

குரல் அவருக்குக் குடும்பச் சொத்து. தந்தை எம்.ஆர்.ராதா ஒரே வசனத்தின் பாதியைக் கரகரத்த அடிக்குரலிலும் மீதியைக் கீச்சென்ற மேல்குரலிலும் பேசி அரங்கைக் கட்டிப்போட்டவர். ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை ஊர் ஊராக நடத்தினார். 1954-இல் அது படமாக வந்த பிறகு அந்தக் குரல் தமிழர்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறைக்குப் போனார். அந்தக் குண்டுக் காயத்துக்குப் பிறகு எம்.ஜி.ஆரின் பேச்சு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ராதிகா அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதுக் குழந்தை. தாய் கீதா இலங்கையைச் சேர்ந்தவர். இந்தியா, இலங்கை, இங்கிலாந்து என்று மூன்று நாடுகளில் படித்த பெண், தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாஞ்சாலியாகத் திரையில் வந்து நின்றார். மறு ஆண்டே, 1979-இல், எம்.ஆர்.ராதா காலமானார்.

படங்களை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. கே.விஸ்வநாத்தின் ‘சுவாதி முத்யம்’ படத்தில் கமல்ஹாசனுக்கு ஈடுகொடுத்து நின்ற இளம் விதவையை மறக்க முடியுமா? ‘கேளடி கண்மணி’யில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துடன் நடித்ததையும், 1993-இல் வந்த ‘கிழக்குச் சீமையிலே’ படத்தின் விருமாயியையும் இன்னும் எத்தனையோ முறை பார்ப்பேன். ஆனால் இந்தக் கட்டுரைக்கு எனக்கு வேண்டிய படம், ராதிகா திரையில் தோன்றவே தோன்றாத ஒன்று. 1985-இல் வந்த ‘முதல் மரியாதை’. சிவாஜி கணேசனுக்கு எதிரே குயிலாக நடித்தவர் நடிகை ராதா. அந்தக் குயிலுக்குக் குரல் கொடுத்தவர் ராதிகா.

கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். வாயாடித்தனமும் குறும்பும், பெரியவர் மீது மெல்ல மெல்ல ஊறிவரும் மதிப்பும் அந்தக் குரலில்தான் இருக்கின்றன. முகம் இன்னொருவருடையது, உதடுகள் எங்கே திறந்து எங்கே மூட வேண்டும் என்பதைக்கூட அந்த இன்னொருவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு, குரலை மட்டும் வைத்து ஒரு பெண்ணை உண்டாக்கிக் காட்டினார். நாயகிகள் பலருக்கு வேறொருவர் பின்னணி பேசுவது வழக்கமாக இருந்த காலத்தில், ஒரு முன்னணி நாயகி இன்னொரு முன்னணி நாயகிக்குப் பேசியது அபூர்வம். பின்னாளில் தொடர்களில் அவர் செய்த அத்தனையும் இதில் முளைவிட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

1999 டிசம்பரில் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ தொடங்கியது. இயக்கம் சி.ஜே.பாஸ்கர். ராதிகாவுடன் சிவகுமார் நடித்தார். தலைப்புப் பாடலுக்கு வைரமுத்து வரிகள், தினா இசை, பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன். 2001 நவம்பர் வரை 400-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. கதையின் நடுவே நின்றவள் சாரதா. மனைவியை இழந்த ஒருவரை மணந்து, அவருடைய குழந்தைக்குத் தாயாக இருக்க முயல்கிறவள். மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி என்றே கதை சொல்லிப் பழகிய ஊரில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாக, அதுவும் தலைப்பிலேயே, நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த நேரத்தில் தெருவில் நடந்தால் ஒரு வசனத்தையும் விடாமல் கேட்டுக்கொண்டே வீடு போய்ச் சேரலாம் என்று சொல்வார்கள். சிங்கப்பூரில் அது நடக்க வழியில்லை. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்பதற்கு வீவக வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே தமிழ்க் குடும்பங்கள் ஓரிடத்தில் திரளாமல் தீவெங்கும் சிதறித்தான் வாழ்கிறோம். எங்கள் மாடியில் நாங்கள் ஒரு வீடு, தாழ்வாரத்தின் மறுமுனையில் இன்னொரு வீடு. இடையில் சீனக் குடும்பங்களும் இரண்டு மலாய்க் குடும்பங்களும். ‘சித்தி’ எங்களுக்குத் தெருவின் இரைச்சலாக வரவில்லை. சிராங்கூன் சாலையை ஒட்டிய கடையில் வாடகைக்கு எடுத்த வட்டுகளாக, பிளாஸ்டிக் பைக்குள், சில வாரங்கள் தாமதமாக வந்தது.

அந்தத் தாமதத்தை அம்மாவால் தாங்க முடியாது. சென்னையில் தொடர் முடியும் நேரம் நமக்கு நள்ளிரவு. மறுநாள் காலையில் தொலைபேசி அட்டையின் நீளமான எண்ணை என்னை அழுத்தச் சொல்லிவிட்டு, மயிலாப்பூரில் இருந்த அத்தையைப் பிடிப்பார். அத்தைக்குக் கதையைச் சுருக்கிச் சொல்லத் தெரியாது. சாரதா பேசியதைச் சாரதாவாகவே பேசிக் காட்டுவார். எங்கே நிறுத்தினாள், எங்கே குரலைத் தாழ்த்தினாள், எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொண்டாள் என்பதெல்லாம் அத்தையின் பேச்சில் அப்படியே வரும். அட்டையில் காசு தீரப்போவதாக இடையில் ஒரு ஆங்கிலக் குரல் எச்சரிக்கும். அம்மா காதோடு ஒட்டிய ரிசீவரை எடுக்கமாட்டார். வட்டு கையில் கிடைப்பதற்குள் ராதிகாவின் நடிப்பைப் பாதி கேட்டு முடித்திருப்போம்.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ராதிகா ‘சித்தி’யில் நடிகை மட்டும் இல்லை, தயாரித்தவரும் அவருடைய ராடான் நிறுவனம்தான். அன்று சன் தொலைக்காட்சியில் தயாரிப்பாளர் அரை மணி நேரத்துக்கான கட்டணத்தைத் தொலைக்காட்சிக்குக் கட்ட வேண்டும். பதிலுக்குக் கிடைக்கும் சில நிமிட விளம்பர நேரத்தை அவரே விற்றுக்கொள்ள வேண்டும். படப்பிடிப்புச் செலவு, நடிகர் சம்பளம், கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் லாபம். தொடர் சறுக்கினால் நஷ்டம் முழுக்கத் தயாரிப்பாளர் தலையில். முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்த ஒரு நடிகை, சினிமா அவரைப் போன்றவர்களை அக்காவாகவும் அம்மாவாகவும் மாற்றத் தொடங்கும் வயதில், இந்தச் சூதாட்டத்தில் தன் பெயரையும் பணத்தையும் வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை. ராடான் மீடியாவொர்க்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக வளர்ந்தது. ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என்று ஒன்று முடிய ஒன்று, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் அந்த இரவு நேரம் அவர் கையில் இருந்தது.

இருபது ஆண்டுகள் என்பதை நின்று யோசிக்க வேண்டும். சினிமாவில் கதாநாயகி கதைக்கு நடுவே வந்து கதைக்கு நடுவே காணாமல் போகிறாள். தொடரில் அவள் இல்லாமல் ஒரு வாரம்கூட நகராது. அவள் சம்பாதிக்கிறாள், வீடு வாங்குகிறாள், வழக்குப் போடுகிறாள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறாள், பேரன் எடுக்கிறாள். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் ஒரு பெண்ணின் முடிவுகளுக்காக லட்சக்கணக்கான வீடுகள் காத்திருந்தன. ‘கோலங்கள்’ தொடரின் அபியாகத் தேவயானி 2003 முதல் 2009 வரை தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். அந்தக் கதவை முதலில் தள்ளித் திறந்தவர்களில் முக்கியமானவர் ராதிகா.

சரி, குரலுக்கு வருகிறேன்.

தமிழ்த் தொடர்களின் படப்பிடிப்பில் நேரம்தான் பெரிய பகை. வாரத்துக்கு ஐந்து, சில காலங்களில் ஆறு பகுதிகள் போக வேண்டும். வசனம் காலையில்தான் கைக்கு வரும். மனப்பாடம் செய்ய அவகாசம் இருக்காது. கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் ஒருவர் நின்று ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பார். நடிகர்கள் அதைக் காதில் வாங்கி, ஒரு கணம் பின்னால் சொல்லி நடிப்பார்கள். பிராம்ப்ட்டிங் என்று பெயர். அப்படி எடுத்த காட்சிக்குப் பிறகு டப்பிங் அறையில் புதிதாகக் குரல் ஏற்ற வேண்டும். பெரும்பாலான நடிகைகளுக்கு அங்கே வேறு ஒருவர் பேசிவிடுவார். பார்க்கும் முகத்துக்கும் கேட்கும் குரலுக்கும் நடுவே மெல்லிய ஒரு திரை விழுந்துவிடும். நாம் பழகிப்போனதால் அது உறைப்பதில்லை.

ராதிகா தன் குரலிலேயே பேசினார். கனத்த, சற்றே அடைத்த குரல். உச்சிக்குப் போனால் உடையும். அந்த உடைப்பை அவர் மறைப்பதில்லை. அழும்போது பலர் குரலை மேலே ஏற்றுவார்கள்; அவர் பெரும்பாலும் கீழே இறக்குவார். கோபத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கடித்து நிறுத்துவார். நல்ல செய்தி சொல்லும்போது நடுவில் ஒரு சிறு சிரிப்பு வந்து சொல் சிதறும். இந்த வகைத் தொடரைப் பார்க்கும் பெண்களில் பாதிப் பேர் திரைக்கு எதிரே உட்கார்ந்திருக்கமாட்டார்கள். ஒருத்தி சப்பாத்தி திரட்டிக்கொண்டிருப்பாள். ஒருத்தி நாளைய பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். ஹாலில் ஒலிப்பதைச் சமையலறையில் வாங்கிக்கொண்டு, குரல் மாறும் கணத்தில் மட்டும் கரண்டியோடு எட்டிப் பார்ப்பாள். அவளுக்காக நடிக்கத் தெரிந்தவர் ராதிகா.

என் அம்மா அந்தப் பெண்களிலும் ஒருபடி மேலே. நீரிழிவு அவருடைய விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தது. லேசர் சிகிச்சை, ஊசி எல்லாம் செய்து பார்த்தோம். ‘செல்லமே’ ஓடிய காலத்தில் திரையில் நிறங்கள் அசைவதாவது தெரிந்தது. 2013 ஜனவரியில் ‘வாணி ராணி’ தொடங்கியபோது வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டுமே மிச்சம்.

‘வாணி ராணி’யில் ராதிகாவுக்கு இரட்டை வேடம். உருவத்தில் ஒன்றாக இருக்கும் இரட்டைச் சகோதரிகள். அண்ணன் தம்பிகளுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். வாணி வக்கீல். கறார், கண்டிப்பு, மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவள். ராணி இல்லத்தரசி. வெள்ளந்தி, எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கிறவள். கண்ணுள்ளவர்களுக்கு உடையும் நடையும் காட்டிக்கொடுத்துவிடும். நீதிமன்றக் காட்சி என்றால் கறுப்புக் கோட்டு போதும். கண் இல்லாதவருக்கு?

அம்மாவுக்கு முதல் வாரத்திலேயே அது ஒரு பொருட்டாக இல்லை. வாய் திறந்து முதல் சொல் வருவதற்குள் "இது வாணி" என்பார். நான் கைவேலையை நிறுத்திவிட்டுக் கவனித்திருக்கிறேன். வாணி பேசத் தொடங்குமுன் மூச்சு எடுப்பதே கேட்காது. சொற்கள் தயாராக வந்து விழும். ராணி பேசுமுன் மெல்லிய ஒரு இழுப்பு இருக்கும், பேசலாமா வேண்டாமா என்று தயங்குவதைப்போல. வாணியின் வல்லின எழுத்துகள் கல்லில் தட்டியதுபோல் ஒலிக்கும். ராணியிடம் உயிர் எழுத்துகள் நீளும். ஒரே தொண்டை, ஒரே டப்பிங் அறை, ஒரே மைக். இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளில் வாணியாகப் பேசி முடித்துவிட்டு, ராணியாகத் தனக்கே பதில் சொல்ல வேண்டும். அதுவும் 1,700-க்கும் மேற்பட்ட பகுதிகளுக்கு. 2018 டிசம்பரில் தொடர் முடியும்வரை அந்த இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று கலந்து நான் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டியை இங்கே சொல்லாமல் விட முடியாது. நாங்கள் மக்சிக் என்று அழைப்போம். கணவர் போன பிறகு மாலை வேளைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்காருவார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அம்மாவுக்குச் சந்தையில் பழகிய மலாய் நன்றாக வரும். தொடர் ஓட ஓட, மக்சிக் பார்த்ததைச் சொல்வார்: சிவப்புப் புடவை, கையில் ஒரு கடிதம், பின்னால் யாரோ ஒளிந்து நிற்கிறார்கள். அம்மா கேட்டதைச் சொல்வார்: அது வங்கிக் கடிதம், இவள் பொய் சொல்கிறாள், அந்த ஆள் இவளுக்கு மைத்துனன். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் பகுதி கிடைத்துவிடும்.

வீட்டு உடையில் இருக்கும்போது மட்டும் மக்சிக்கால் அக்கா தங்கையைப் பிரித்துச் சொல்ல முடியாது. தெளிவான கண்ணோடு திரையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்த பார்வையற்றவரிடம் கேட்பார்: "வாணி கெ, ராணி?" அம்மா தலையை லேசாகச் சாய்ப்பார். "ராணி. மனத்தில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறாள், பாருங்கள்" என்று மலாயில் சொல்வார். தவறிப்போனதே கிடையாது. ஒரு தடவை ராணி வாணியாக வேடமிட்டுப் பேசிய காட்சியில் மக்சிக் ஏமாந்துவிட்டார். அம்மா ஏமாறவில்லை. வாணியைப்போல் பேச முயலும் ராணியின் குரலை, வாணியின் குரலிலிருந்து பிரித்துக் காட்டும்படி பேசியிருந்தார் ராதிகா. நடிப்புக்குப் பரிசு கொடுக்கும் எந்தக் குழுவாவது ஒருமுறை திரையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். இன்றும் அதே நினைப்புத்தான்.

தொடர்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். கடத்தல், விஷம், மறைத்துவைத்த உயில், மருத்துவமனை வாசலில் ஒரு வாரம் என்று கதையை இழுத்தடிப்பது ராடான் தொடர்களிலும் உண்டு. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற அச்சில் எத்தனை பாத்திரங்களை வார்த்தார்கள்! நல்ல மருமகள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம் வருடக்கணக்கில் நம் வீடுகளுக்குள் ஓதப்பட்டது. அதில் ஒரு பகுதிப் பொறுப்பு, கதைகளைத் தேர்ந்தெடுத்த தயாரிப்பாளர் என்ற முறையில், ராதிகாவுக்கும் சேரும். கதை தொய்ந்த வாரங்களில் அம்மாவே அலுத்துக்கொள்வார். ஆனால் அந்தத் தொய்ந்த வாரத்திலும் ராதிகா கை கழுவிவிட்டு நடித்து நான் பார்த்ததில்லை. ஆயிரத்து இருநூறாவது பகுதியில் வரும் ஒரு சாதாரண "சாப்பிட்டாயா?"வையும் அவர் அர்த்தத்தோடு கேட்டார். நாள் சம்பளத்துக்கு வரும் துணை நடிகருக்கு எதிரே நிற்கும்போதும் அதே கவனம். இதை உழைப்பு என்று சொல்வதைவிட வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் தொடர் நடிப்பின் கணக்கே வேறு. இங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழியானது. இங்கே எடுக்கப்படும் நாடகங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடுபவை. நடிக்கும் பெண்களில் பலர் பகலில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் வேலை பார்ப்பவர்கள். நம் மக்கள்தொகைக்கு அதுதான் கட்டுப்படியாகும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடுதான். ஒரே பாத்திரத்தோடு ஐந்து ஆண்டு வாழும் வாய்ப்பு இங்குள்ள நடிகைக்குக் கிடைக்காது. அவர் ஒரு தொடரில் குணத்தைப் பிடித்துவருவதற்குள் தொடர் நிறைவுக்கு வந்துவிடுகிறது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருமுறை படப்பிடிப்பு நடந்தது. தம்பியிடம் அக்கா பணம் கேட்கும் காட்சி. நீண்ட கம்பின் முனையில் மைக்கைப் பிடித்திருந்தவர், காதில் ஹெட்ஃபோனோடு, கையை உயர்த்தினார். எல்லாரும் உறைந்து நின்றார்கள். ஈசூனில் எம்ஆர்டி ரயில் தூண்களின் மேல் ஓடுகிறது. அது கடந்து முடிகிறவரை காத்திருக்க வேண்டும். ரயில் போயிற்று. ஆயத்தமாகும்போது மேலே யாரோ மூங்கில் கழியில் துணி காயப்போட்ட சத்தம். அடுத்து ஒரு குழந்தை சைக்கிள் மணி அடித்தது. இங்கே பெரும்பாலும் நேரடி ஒலிப்பதிவு. பின்னால் டப்பிங்கில் சரிசெய்யும் வழக்கம் இல்லை. அந்த நடிகை நான்காம் தடவையும் அதே வரியைச் சொன்னார், "உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?" என்று. முகம் சோர்ந்திருந்தது, ஒப்பனை வேர்வையில் கரைந்திருந்தது. குரல் மட்டும் முதல் தடவை இருந்ததைவிடத் தெளிவாகவும் தாழ்வாகவும் வந்தது. ரயிலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே அகப்பட்ட அரை நிமிடத்தில் அதைச் செய்தார். பாராட்ட வேண்டும் என்று தோன்றியது. கூட்டம் கலைந்ததும் போய்ச் சொன்னேன். மறுநாள் காலை ஏழரைக்குத் தொடக்கப்பள்ளியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாடகை வண்டியில் ஏறினார்.

இப்படிப்பட்டவர்களை நாம் சென்னைத் தொடர்களோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதே நேரத்தில், சென்னைத் தொடர்கள் நம் பிள்ளைகளின் தமிழுக்குச் செய்ததையும் மறைக்க விரும்பவில்லை. பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று இங்குள்ள பாடத்திட்ட மறுஆய்வு 2005-இல் பரிந்துரைத்தது. பள்ளிகள் தங்களால் ஆனதைச் செய்கின்றன. என் மகளுக்கு ஜாமீன், வாய்தா, சம்பந்தி, பத்திரப்பதிவு, முன்கோபம் ஆகிய சொற்களைச் சொல்லிக்கொடுத்தது பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ராதிகாதான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்கு அவள் அஞ்சவே இல்லை.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ‘கோடீஸ்வரி’ வந்தது. பெண்கள் மட்டும் பங்கேற்கும் வினாடி வினா, நடத்தியவர் ராதிகா. அம்மா அதையும் விடவில்லை. 2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த ஒரு பெண் அதில் ஒரு கோடி ரூபாய் வென்றார். அவருக்குக் காது கேட்காது, வாய் பேச வராது. உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர். மேடையில் நடப்பதை நான் அம்மாவுக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். அம்மா வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அவளுக்கு அந்த அம்மாவின் வாய் போதும். எனக்குக் குரல் போதும். இரண்டுமே அவரிடம் சுத்தம்" என்றார். உச்சரிப்பைப் பற்றி இதைவிடச் சிறந்த சான்றிதழ் எந்த நடிகைக்கும் கிடைத்திருக்காது.

அந்த மாதமே ‘சித்தி 2’ தொடங்கியது. இருபது ஆண்டு கழித்துச் சாரதா திரும்பி வருகிறாள் என்று அம்மா மக்சிக்கிடம் ஒரு வாரம் முன்பே அறிவித்துவிட்டார். அப்போதுதான் கொவிட். இந்தியாவில் படப்பிடிப்புகள் நின்றன. ஏப்ரலில் இங்கே கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் வந்து, மக்சிக் பக்கத்து வீட்டிலிருந்துகூட வர முடியாமல் போயிற்று. வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருவரும் பேசிக்கொள்வார்கள். பேச்சில் பாதி, தொடர் எப்போது திரும்ப வரும் என்பதைப் பற்றித்தான்.

வந்தது. ஆனால் 2021-இன் தொடக்கத்தில் ராதிகா அந்தத் தொடரிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதன் பிறகு அரசியல், தேர்தல் என்று அவருடைய பாதை வேறு திசையில் போனது. 2024-இல் விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில் பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளராக நின்று மூன்றாம் இடம் பெற்றார். எனக்கு அந்தப் பக்கத்தில் சொல்ல எதுவும் இல்லை.

‘சித்தி 2’ அவர் இல்லாமலும் தொடர்ந்தது. புதிய பாத்திரங்கள், புதிய முகங்கள். அம்மா இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டார். மூன்றாம் நாள் விளம்பர இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வீட்டில் இப்போது எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒலி 96.8-ஐப் போடு, பழைய பாட்டு வைத்திருப்பார்கள்."